நான்காம் முறை நின்ற கார்

1. போசரியில் அண்ணன் வேலை பார்த்த பட்டறை மூடப்பட்டது.
2. அண்ணன் ஏழு மாதம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை.
3. நான் ஒரு பழைய கார் வாங்கினேன்.
4. அதை நான்கு முறை ஓட வைத்தோம். நான்கு முறையும் நின்றது.
5. நான்காம் முறை நின்றதற்குக் காரின் மேல் குற்றம் இல்லை.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். அந்தப் பட்டறையில் பதினோரு வருடம் ஃபிட்டர். மூடிய பிறகு, தாபோடியில் எங்கள் இரண்டு அறை வீட்டில் டிவிக்கு எதிரே உட்கார்ந்தான். டிவி ஓடும், அவன் பார்க்கமாட்டான். தெருவில் யாராவது "இப்ப எங்க வேலை?" என்று கேட்டுவிடுவார்கள் என்று பால் வாங்கக்கூடப் போகமாட்டான். அம்மாதான் போனாள்.

நான் சாகணில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். ஒரு பொருள் பழுதானால் காரணம் கண்டுபிடித்து, திருத்தி, தேதி போட்டு மூடவேண்டும். அண்ணனையும் அப்படித்தான் அணுகினேன் என்று எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது.

கார் கட்கியில் ஒரு வீட்டு முற்றத்தில் மூன்று மழைக்காலம் நனைந்து கிடந்தது. ஸ்டியரிங்கை ஒட்டியே கியர் கம்பி இருக்கும் பழைய மாடல். பின்சீட்டில் எலி குட்டி போட்டிருந்தது. டெம்போவில் கயிறு கட்டி வீட்டு வாசலுக்கு இழுத்து வந்தோம். அண்ணன் வெளியே வந்து பானெட்டைத் திறந்து, வெகுநேரம் குனிந்தே இருந்தான்.

"எவன்டி இத உன் தலையில கட்னான்?" என்றான். சிரிப்பு இருந்தது.

"ஓட வெக்க முடியுமா?"

"முடியும். வண்டி ஓடட்டும், அதுலயே இன்டர்வியூவுக்குப் போறேன்."

அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். கார் ஓடும் நாள்தான் அவன் வேலைக்குக் கிளம்பும் நாள். முப்பத்தெட்டு வேலைகளுக்குப் பட்டியல் போட்டேன். வார நாட்களில் அவன் தனியாகச் செய்வான், ஞாயிற்றுக்கிழமை நானும் சேர்ந்துகொள்வேன்.

எதிர்வீட்டு மராட்டியக்காரர் தினமும் "காய் பாவூ, காடி சாலூ ஜாலி கா?" என்று விசாரிப்பார், வண்டி கிளம்பிவிட்டதா என்று. அண்ணன் ஸ்பானரைத் தூக்கிக் காட்டி, "ஹோயில், ஹோயில்" என்பான். ஆகிவிடும், ஆகிவிடும். அவன் காரைக் கழுவும்போது அம்மா மட்டும், "ஓடாத வண்டிக்கு இத்தினி சோப்பு இன்னாத்துக்குடா?" என்பாள். அவன் அதற்கும் சிரிப்பான்.

முதல் முறை பெட்ரோல் பம்பின் ரப்பர் கிழிந்து நின்றது. அடுத்த முறை ரேடியேட்டர் குழாய் கழன்றது. மூன்றாம் முறை இன்ஜின் விட்டு விட்டு இழுத்து, தெருமுனைப் பாலத்துக்கு முன்னாலேயே அணைந்தது. பட்டியலில் முடிந்தது என்று கோடிட்ட வேலைகள் மறுபடி மேலே வந்தன. பழைய வண்டி, அப்படித்தான் என்று நினைத்தேன்.

அதற்குள் எங்கள் தொழிற்சாலைக்குப் பொருள் அனுப்பும் ஒரு சிறிய நிறுவனத்தில் ஃபிட்டர் தேவை என்று கேள்விப்பட்டு, அண்ணனைப் பற்றிச் சொல்லிவைத்தேன். திங்கட்கிழமை காலை வரச்சொன்னார்கள். முந்தைய வாரமே இருவரும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சரிசெய்துவிட்டோம். பிளக்குகளுக்கு நேரத்துக்குப் பொறி அனுப்பும் பாகம் அது. கார் தெருவை இரண்டு சுற்று சுற்றி வந்தது.

தொழிற்சாலையில் ஒரு நட்டை முறுக்கி முடித்ததும், நட்டின் மேலும் பக்கத்து இரும்பின் மேலுமாக மஞ்சள் பெயிண்டில் ஒரே கோடு இழுப்போம். நட்டு நகர்ந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து நிற்கும். அண்ணன் குளிக்கப் போயிருந்தபோது, பழக்கதோஷத்தில் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் நட்டிலும் இழுத்துவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கார் கிளம்பவில்லை. டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். மஞ்சள் கோட்டின் ஒரு பாதி நட்டில், மறு பாதி எங்கோ. அதிர்வில் கழன்ற நட்டு தளர்ந்திருக்கும். இது இறுக்கமாக இருந்தது. ஸ்பானரால் தளர்த்தி, பொறி நேரம் தவறும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, மறுபடி இறுக்கியிருந்தார்கள்.

அண்ணன் என் பக்கத்தில்தான் நின்றான். அந்தக் கோடு என்ன என்று அவனுக்குச் சொல்லவேண்டியதில்லை.

"நீதானா?"

துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "பிரேக்க மட்டும் தொடலடி. நீயும் ஏறுவியே."

"ஏண்ணா?"

"இந்த வண்டிகிட்ட நின்னுகினு இருந்தா, ரிப்பேர் பண்றான்னு சொல்றாங்க. ஓடிட்டா சும்மா கீறான்னு சொல்வாங்க."

"அதுக்குத்தானே நாளைக்கு வேலை..."

"பதினோரு வருசம் வேல பாத்த எடத்துல, ஒரு காயிதம் ஒட்டி கேட்டை மூடிட்டானுங்க. இன்னொருத்தன் முன்னாடி போயி, என்ன எடுத்துக்கோன்னு நிக்க முடியலடி."

தொழிற்சாலையில் காரணத்தின் காரணத்தைத் தேடி ஐந்து முறை ஏன் என்று கேட்போம். நான் ஒரு முறை கேட்டதோடு நிறுத்திக்கொண்டேன். முந்தைய பழுதுகளில் எது காருடையது, எது அவனுடையது என்றும் கேட்கவில்லை. வாசலில் எதிர்வீட்டுக்காரர் வந்து, "காய் பாவூ?" என்றார். அண்ணன் இந்த முறை ஸ்பானரைத் தூக்கிக் காட்டாமல் உள்ளே போய்விட்டான்.

ஏழு மாதம் கழித்து அவன் கையில் கிடைத்த ஒரே வேலையை, முடிப்பதற்கு நாள் குறித்து, அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தவள் நான்தான்.

திங்கட்கிழமை அவன் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று அந்த நிறுவனத்திடம் நான் பொய் சொன்னேன். அந்த வாரக் கடைசியில் அவனே காரைச் சரிசெய்தான். இப்போது அது நன்றாக ஓடுகிறது. காலையில் என்னைக் கம்பெனி பஸ் நிற்கும் இடம்வரை கொண்டுவிடுகிறான், இன்ஜினை அணைக்காமல் அப்படியே திரும்பிவிடுகிறான். வேறு எங்கும் போவதில்லை. வேலை கிடைக்கவில்லை. தேடவும் இல்லை. நானும் அதைப் பற்றி அவனிடம் பேசுவதில்லை.