பள்ளி பஸ்ஸில் படித்த மகள்

ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் கயலுக்குப் பள்ளி பஸ்ஸில் போக, வர இரண்டு மணி நேரம். அது வீணாகக் கூடாதென்று, "வேடிக்கை பாக்காம படி" என்று சொல்லிவைத்திருந்தேன்.

தை மாதக் கடைசி வெள்ளி, சம்பா அறுவடை நேரம். மாலையில் பஸ் வந்தது, கயல் வரவில்லை. பதறி, பஸ் வந்த வழியே ஸ்கூட்டரில் தேடிப் போனேன். பக்கத்து ஊர்ச் சாலையில் காயவைத்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். பஸ் உதவியாளர் இறங்கிச் சாலையில் கிடந்த நெல்லை ஒதுக்குவதற்காக பஸ் அங்கே நின்றிருக்கிறது. இவள் புத்தகத்திலிருந்து தலைதூக்காமல், நம் ஊரென்று இறங்கிவிட்டாள்.

"நீங்கதானேப்பா வேடிக்கை பாக்காதேன்னீங்க?"

நெல்லுக்குக் காவலிருந்த ஒரு வயதான அம்மா சிரித்தார். "நல்லா படிக்கிற புள்ளதாங்க. ஊருதான் தெரியல."

இப்போது புத்தகம் பையிலேயே வருகிறது. வீடு வந்ததும் வழியில் பார்த்ததையெல்லாம் ஓயாமல் சொல்கிறாள். கேட்டு முடித்த பிறகுதான் பாடத்தை எடுக்கிறோம்.