கூட்டத்துச் சாப்பாடு

காய்ந்த தையல் இலையை மடித்தால் நொறுங்கும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு என் மாமனார் நினைவுதான். சோறு விழாத இலை அது. அதை மடித்து முன்னால் வைத்துக்கொண்டு, சுற்றிலும் எல்லோரும் சாப்பிட, அவர் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது உலகச் சண்டைக்கு முந்தின காலம். மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு கடலை எண்ணெய் மில் இருந்தது. சுற்று வட்டாரத்தில் கடலை போட்டவர்கள் பணம் போட்டு, பங்கு வாங்கி ஆரம்பித்த கம்பெனி. நான் அதில் பாய்லருக்குத் தீ போடுகிறவன். மாமனார் டைரக்டர்களில் ஒருவர். கம்பெனியை நடத்தியது ஏஜெண்ட். அவருக்குச் சம்பளம் கிடையாது. விற்கிற எண்ணெய் டின்னுக்குக் கமிஷன். கம்பெனிக்கு லாபமோ நட்டமோ, டின் போனால் அவருக்குக் காசு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்கள் கூலியை ஒரு நாளும் நிறுத்தியதில்லை. ஆனால் எதற்குக் காசு வந்ததோ அதைத்தான் அவர் பெருக்கப் பார்த்தார்.

வருஷக் கூட்டம் மில் கொட்டகையில் நடக்கும். முதலில் ஏஜெண்ட் போடும் சாப்பாடு, பிறகுதான் பேச்சு. ஒருவர் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, கை ஈரம் காயுமுன் அவரையே கேள்வி கேட்பது எங்கள் பக்கத்தில் கேவலம். அந்தச் சோறு கம்பெனிப் பணத்தில் போட்டது, அதாவது தங்கள் பணத்தில் போட்டது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். ஒரு வருஷம் ஏஜெண்ட், புது மிஷின் வாங்க பாங்கியில் கடன் எடுக்கலாம், டைரக்டர்கள் ஜாமீன் நிற்க வேண்டும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். மாமனார் தன் கிணற்றுக்காட்டை ஜாமீனாக எழுதிக் கொடுத்தார். திரும்பி நடக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"கடன் எதுக்கு மாப்ளே? இன்னும் கொஞ்சம் பங்கு வித்தா அரூர் வியாபாரிங்க வாங்குவாங்க. வட்டி இல்ல."

"பின்னே ஏன் விக்கலீங்க மாமா?"

"அவங்க பங்குக்காரங்களா வந்து குந்துனா, கமிஷன் எதுக்குன்னு கேப்பாங்க. பாங்கிக்காரன் வட்டியத்தான கேப்பான்."

"அங்கியே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"தின்னுட்டனே" என்றார்.

அடுத்த வருஷம் இன்னொரு மிஷின், இன்னொரு கடன். கூட்டத்தன்று காலை மாமனார் கூழ்கூடக் குடிக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்தார். இலை போட்டதும் மடித்துவிட்டார். கொட்டகையே திரும்பிப் பார்த்தது.

ஏஜெண்ட் சிரித்தார். "என்னாங்க, மருமவன் வூட்ல வயிறு முட்டத் தின்னுட்டு வந்துட்டீங்களா?"

"வயித்துல ஒண்ணும் இல்லீங்க. அதான் வாய் தொறக்குது."

பந்தி முடிந்ததும் எழுந்து நின்று சொன்னார். கடன் வேண்டாம், பங்கு விற்போம், கமிஷனை டின்னுக்குக் கொடுக்காமல் லாபத்தில் கொடுப்போம் என்று. சுருக்கமாகத்தான் சொன்னார்.  சொன்னது சரி என்று அங்கே பல பேருக்குத் தெரியும். முகத்தில் தெரிந்தது. ஆனால் சாப்பிட்டிருந்தார்கள். குனிந்தபடியே கடனுக்குக் கை தூக்கினார்கள். புதுக் கடனுக்கு அவர் கையெழுத்துப் போடவில்லை. பழைய ஜாமீன் நின்றது.

சண்டை வந்தது. ரயில் வேகன் எல்லாம் பட்டாளத்துக்குப் போனது, எண்ணெய் ஏற்றக் கிடைக்கவில்லை. டின்கள் கூரை முட்ட நின்றன. ஒரு நாள் பாய்லரை அணைக்கச் சொன்னார்கள். அணைத்தேன். பாங்கி மில்லை எடுத்தது. அது போதவில்லை, ஜாமீன் நின்றவர்கள் காட்டையும் எடுத்தது. ஏஜெண்ட் எதற்கும் ஜாமீன் நின்றதில்லை. சேலத்துக்குப் போய்விட்டார். கை தூக்கியவர்களில் யாரும் அதன்பின் மாமனார் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. அவரும் யாரையும் குறை சொன்னதில்லை.

மில் இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. என் மகனும் ஒரு கம்பெனியில் பங்கு வைத்திருக்கிறான். கூட்டத்துக்குப் போகும்போது, சாப்பிடுவதற்கு முன்னால் கேட்டுவிடு என்பேன். சிரிப்பான்.

கிணற்றுக்காட்டை ஏலத்தில் எடுத்தவர் சண்டை முடிந்ததும் அங்கேயே வீடு கட்டினார். புதுமனை புகு விழாவுக்கு மாமனாரையும் கூப்பிட்டார். போக மாட்டார் என்று நினைத்தேன். போனார். அவர் நட்ட புங்க மரத்து நிழலில்தான் பந்தி. வீட்டுக்காரர் கூச்சத்தோடு வந்து, "போதுங்களா?" என்றார்.

"இனி கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. நல்லா போடுங்க."

நிதானமாகச் சாப்பிட்டார். ரசம் விட்டுப் பிசைந்து, வழித்துச் சாப்பிட்டார். பிறகு இலையை மடித்தார். நனைந்த இலை. சத்தம் வரவில்லை.