நூறோடு நின்ற பட்டியல்

என் வீட்டுக்காரருக்கு வேலை செய்யும் இடத்தில் குழாய்க்காரர் என்று பெயர். கண் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவு. ஒரு மென்பொருளில் கிடக்கும் தகவலை இன்னொன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் தொழில். அதைக் குழாய் போடுவது என்று அவர்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். இந்த விவரம் தெரியாமல், மாடியில் புதிதாகக் குடிவந்தவர் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று ஒரு நாள் இவரைக் கூப்பிட்டார். மறுக்கத் தெரியாமல் இவரும் ஸ்பேனரோடு போனார். போய்ப் பார்த்துவிட்டுச் சும்மா வந்திருந்தால் பரவாயில்லை. "ஆச்சு, சரி பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் அந்த வீட்டுக் கூடமெல்லாம் தண்ணீர்.

அந்த "ஆச்சு"தான் அவருடைய வியாதி. மனுஷர் கெட்டவர் இல்லை, சோம்பேறியும் இல்லை. மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலையில் சேர்ந்தவர். கம்ப்யூட்டர் வந்தபோது கூட இருந்தவர்கள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள, இவர் அதன் முன்னால் உட்கார்ந்து, மீசை நரைக்கிற வயதில் பாடம் படித்து மேலே வந்தார். அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் எந்த வேலையும் முக்கால்வாசி முடிந்ததுமே அவர் மனசு ஆச்சு என்று சொல்லிவிடும். கொசுவலை கட்டச் சொன்னால் மூன்று மூலையைக் கட்டிவிட்டு ஆச்சு என்பார். கொசுவுக்கு நாலாவது மூலை போதாதா?

எங்களுக்கு நேர் கீழ் வீட்டில் இருப்பவளும் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்க்கிறாள், ஃபோன் பிரிவில். அவளும் அவள் அம்மாவும் மட்டும்தான். அவள் வேலைக்குப் போனால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். என்னை அக்கா என்பாள், இவரை அண்ணா என்பாள். கண்ணில் அழுத்தம் இருப்பவர்கள் வலியே தெரியாமல் பார்வையை இழப்பார்களாம். அவர்கள் சொன்ன தேதியில் மறுபடி வந்து காட்டியாக வேண்டும். வலி இல்லாததால் மறந்துவிடுவார்கள். அன்றன்றைக்கு வரும் பட்டியலை வைத்துக்கொண்டு அவர்களை ஃபோனில் கூப்பிட்டு வரவழைப்பதுதான் அவள் வேலை.

முன்பெல்லாம் அந்தப் பட்டியலை யாரோ உட்கார்ந்து கையால் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தேதி குறித்துக் கொடுக்கும் புது மென்பொருள் வந்ததும், அதிலிருந்து பட்டியல் தானாக வந்து விழும்படி குழாய் போடும் வேலை இவருக்கு வந்தது. இதற்கென்றே ஒரு தளம் வைத்திருக்கிறார்கள். அதில் புதிய தரவு மூலம் ஒன்றைத் தொடங்கி, எந்த வகை என்று கேட்டால் ஏபிஐ என்று சொல்ல வேண்டும். ஏபிஐ என்பது, எனக்குப் புரிந்தவரை, ஒரு ஜன்னல். யாரும் உள்ளே நுழைய முடியாது. ஜன்னலில் வந்து முறையாகக் கேட்டால் உள்ளே இருப்பவர் எடுத்துக் கொடுப்பார். எந்த ஜன்னல் என்பதற்கு ஒரு முகவரி, கேட்பது யார் என்பதற்கு ஒரு ரகசியச் சாவி, என்ன வேண்டும் என்பதற்கு ஒரு கேள்வி. இவ்வளவையும் நிரப்பிச் சோதனைப் பொத்தானை அழுத்தினால் பச்சை டிக் வரும். இவர் நிரப்பினார், அழுத்தினார், வந்தது. பெரிய டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அடியில் இன்னொரு கட்டம் இருந்திருக்கிறது. அந்த ஜன்னலில் ஒரு தடவைக்கு நூறு பெயர்தான் கொடுப்பார்கள். மேலும் இருந்தால், அடுத்த பக்கமும் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள் என்று கூடவே ஒரு சீட்டு வைப்பார்கள். அந்தச் சீட்டைப் பார்த்து மறுபடி கேட்கட்டுமா, வேண்டாமா என்பது அந்தக் கட்டம். அதில் முதலிலிருந்தே வேண்டாம் என்று இருந்தது. இவர் அதைத் தொடவில்லை. சோதித்த அன்று ஆஸ்பத்திரியின் ஒரே ஒரு கிளைதான் உள்ளே இருந்தது, பெயர்கள் நூறைத் தொடவில்லை. எல்லாம் வந்துவிட்டன. ஆச்சு.

பிறகு மற்றக் கிளைகளும் சேர்ந்தன. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கூட்டம் பெருகிக்கொண்டே போக, இந்தப் பக்கம் தினமும் நூறு பெயர் மட்டும் வந்து விழுந்தது. புதிதாகப் பதிந்தவர்கள் முதலில், பழையவர்கள் வாலில். அந்த வால் யார் கண்ணிலும் படவில்லை. கீழ் வீட்டுக்காரி வந்த பெயரையெல்லாம் கூப்பிட்டு முடித்துவிட்டுப் பொழுதோடு வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். இவர் எங்கள் வீட்டு ஜன்னலில் நின்று அதைப் பார்த்துவிட்டு, தன் குழாய் வந்த பிறகுதான் அந்தப் பெண் வெளிச்சத்தில் வீடு திரும்புகிறது என்று என்னிடம் மார்தட்டிக்கொண்டார். நானும் தலையாட்டினேன்.

அந்த வாலில் ஒரு தையற்காரர் இருந்தார். பழைய நோயாளி. யாரும் கூப்பிடவில்லை, அவரும் வரவில்லை. ஒரு நாள் ஊசியில் நூல் கோக்க முடியாமல் மகளைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தபோது ஒரு கண் போயே போய்விட்டிருந்தது. இன்னொன்று பொழுது சாய்ந்தால் தெரியாது. ஒரு ஃபோன் செய்திருக்கக் கூடாதா என்று மகள் மேலாளரின் அறையில் அழுதிருக்கிறாள். மேலாளர் ஃபோன் பிரிவைக் கூப்பிட்டார். அந்தப் பெயர் என்னிடம் வரவே இல்லை என்றாள் கீழ் வீட்டுக்காரி. பெயர் மென்பொருளில் இருக்கிறதே, பிறகு எப்படி வராமல் போகும் என்றார் அவர். கொஞ்ச நாளாக நீ சீக்கிரம் கிளம்பிவிடுகிறாயாமே என்றும் கேட்டார். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

அவளை அனுப்பும் முன் மேலாளர் இவரையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார், குழாய் சரியாகத்தானே இருக்கிறது என்று. இவர் பார்க்காமலே, வழக்கம் போல, எல்லாம் சரியாக இருக்கிறது சார் என்றார். அதன் பிறகுதான் போய்த் திறந்து பார்த்தார். அந்த ஒரு கட்டத்தைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டதாம். எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே சரி என்று சொல்லியாகிவிட்டதே. வேண்டாம் என்று இருந்ததை வேண்டும் என்று மாற்றிவிட்டுக் கம்ப்யூட்டரை மூடினார். கூடவே வாயையும்.

அன்று சாயங்காலம் அவள் என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். நான் போட்டுக் கொடுத்த டீ ஆடை கட்டிப்போயிற்று. என் வாய் சும்மா இருக்குமா? "யாரோ செஞ்ச தப்பை உன் தலையில கட்டிட்டாங்க. அவன் விளங்கவே மாட்டான், பாரு" என்றேன். வாசலில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணா, உங்களுக்குத்தான் அந்த கம்ப்யூட்டர் எல்லாம் தெரியுமே. அந்தப் பேரு எனக்கு வரவே இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க."

"பார்க்கிறேம்மா" என்றார் இவர். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் பட்டியல் மூட்டையாக வந்து விழுந்திருக்கிறது. ஆஸ்பத்திரியே அரண்டுபோயிற்று. இவரைக் கேட்டதற்கு, பழையதெல்லாம் தேங்கிக் கிடந்து ஒன்றாக வந்துவிட்டது என்று சொல்லி வைத்தார். நம்பிவிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது சிலருக்கு அவ்வளவு சுலபமாக அமைந்துவிடுகிறது.

அவர் திரும்பி வரும் நேரத்துக்கு நான் காய்ந்த துணியை எடுக்க வாசல் பக்கம் போயிருந்தேன். எட்டிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் இரண்டு ஷூவையும் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழ் வீட்டு வாசலைத் தாண்டிப் பூனை மாதிரி படியேறி வருகிறார். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. மேலே வந்து என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கில் அந்தச் சிரிப்பு செத்துப்போயிற்று.

உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்டேன், என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. ஜன்னல், சீட்டு, கட்டம் என்று ஒவ்வொன்றாக மென்று முழுங்கிச் சொன்னார். சொல்லும்போது ஷூவைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. எனக்குக் கோபம் வந்ததைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது. தவறு எல்லாரும் செய்வதுதான். அந்தப் பெண் கும்பிட்டபோது வாங்கிக்கொண்டு நின்றாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வேலை போயிடும்" என்றார்.

"போகட்டும். இப்ப கீழே போறோம்" என்றேன்.

கதவைத் திறந்தவள், இவரைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, உள்ளே திரும்பி, "அம்மா, அண்ணன் கண்டுபிடிச்சுட்டாரு போல" என்றாள். அந்த இடத்திலேயே பூமி பிளந்து எங்கள் இருவரையும் விழுங்கியிருக்கலாம். இவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். இந்தத் தடவை முக்காலில் நிறுத்தவில்லை, செய்த தப்பும் சொன்ன பொய்யும் கடைசிவரை வந்தன.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"நானேதான் விட்டுட்டேன் போலன்னு நம்ப ஆரம்பிச்சுட்டேன் அண்ணா. இவ்வளவு பேரு சொல்றாங்களே, அசதியில தாண்டிப் போயிருப்பேன்னு. இன்னைக்குக் காலையில அந்தத் தையற்காரர் வீட்டுக்குப் போயி அவரு கால்ல விழுந்துட்டு வந்தேன்."

இவர் அப்படியே சுவரோடு சுவராகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளுடைய அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அதை யாரும் தொடவில்லை.

அடுத்த நாள் விசாரணையில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லியிருக்கிறார். மென்பொருள் விற்றவர்கள் மேல் போட்டுவிடலாமே என்று மேலாளரே வழி காட்டிக் கொடுத்தாராம். அவர்கள் சீட்டு வைத்துத்தான் கொடுத்தார்கள், நான்தான் பார்க்கவில்லை என்று இவர் மறுத்துவிட்டார். அவளை அன்றே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். இவரிடமிருந்த சாவிகளையெல்லாம் வாங்கிக்கொண்டு மருந்துக் கிடங்குக்கே அனுப்பிவிட்டார்கள். முதுகில் தட்டிய பெரிய டாக்டர் நடைவழியில் எதிரே வந்தும் தலையைத் திருப்பிக்கொண்டாராம். அதைச் சொல்லும்போது இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் இருவரும் தையற்காரர் வீட்டுக்குப் போனோம். சின்ன அறை. தையல் மெஷினுக்கு மேல் துணி போர்த்தியிருந்தது. மகள் வேலைக்குப் போயிருந்தாள். சத்தம் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, யாரு என்றார். இவர் தான் யார் என்பதைச் சொன்னார், செய்ததைச் சொன்னார். காலைத் தொடக் குனிந்தார். அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அப்ப அந்தப் பொண்ணு மேல தப்பே இல்லையா?"

"இல்லைங்க ஐயா."

"நேத்து வந்து என் காலைப் பிடிச்சுச்சு. நான் உதறி விட்டேன். வாயில வந்ததெல்லாம் பேசினேன். ஒரு பொம்பளைப் பிள்ளையைச் சொல்லக்கூடாத வார்த்தை எல்லாம் சொன்னேன்." அவள் வீடு எங்கே என்று கேட்டார். எங்கள் வீட்டுக்குக் கீழேதான் என்றேன். உடனே சுவரைத் தடவிக்கொண்டு எழுந்து, மூலையில் இருந்த தடியை எடுத்துக்கொண்டார்.

கண்ணைப் பற்றி அவர் இவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. நடப்பதற்கு ஒரு கை வேண்டியிருந்தது. அங்கே வேறு ஆண் கை இல்லாததால் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். வழியெல்லாம் இவர் பள்ளம், கல், ஓரம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

எங்கள் கட்டடத்தின் படிக்கட்டில் வெளிச்சம் போதாது. கீழ் வீட்டு வாசலில் அவரை நிறுத்திவிட்டு, இவர் முன்னால் போய்க் கதவைத் தட்டினார். அவள் திறந்தாள். கதவு திறந்த சத்தம் கேட்டதும் தையற்காரர் கையில் இருந்த தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார். எதிரே நின்றது அவள் இல்லை. என் வீட்டுக்காரர்.

"நான் பேசினதை எல்லாம் மனசுல வச்சுக்காதம்மா. என்னை மன்னிச்சிடு" என்றார் அவர், இவருடைய முகத்தைப் பார்த்து.

நான்தான் வாயடைத்து நின்றேன் என்றால், இவராவது விலகியிருக்கலாம். விலகவும் இல்லை, நான் அவள் இல்லை என்று சொல்லவும் இல்லை. அவள் வெளியே வந்து, இருவருக்கும் நடுவில் புகுந்து நின்று, குவிந்திருந்த அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்ளும் வரை, அந்தக் கும்பிடு முழுவதும் என் வீட்டுக்காரர் மேல்தான் இருந்தது.