சத்தமாகப் பதில் சொன்னால்தான் பறக்கலாம்: டையூ தீவில் மோட்டார் பாராகிளைடிங்

ஜனவரியில் முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்காக எங்கள் பட்டறையை நான்கு நாள் மூடினார்கள். தாராவியில் பைகளுக்கு ஜிப் தைக்கும் பட்டறை அது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து அங்கேதான் வேலை. பக்கத்து மெஷினில் இருந்த ஜெனிஃபரும் நானும் சாப்பாட்டு நேரத்தில் போனில் பறக்கிற வீடியோக்களாகப் பார்ப்போம். மணமாகி வாஷிக்குப் போன பிறகும், பறக்கப் போனால் சேர்ந்துதான் போக வேண்டும் என்பாள். இந்த நான்கு நாளில் டையூ போய்வர இருவருக்கும் டிக்கெட் எடுத்திருந்தோம்.

போரிவலியில் பஸ் கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது. “ஏட்டி, அவுக வேண்டாங்காக. நீ வீட்டுக்குப் போயிரு” என்றாள். நான் போகவில்லை. ஸ்லீப்பர் பஸ், ஆளுக்கு 1,100 ரூபாய், இருபது மணி நேரப் பயணம். அவள் படுக்கையில் என் பையை வைத்தேன். வசாய் தாண்டிய பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன். நன்றாகத் திட்டிவிட்டு, “போனை சார்ஜ்ல போட்டு வை” என்றாள்.

பாலத்தைக் கடந்தால் டையூ. பஸ் நிலையத்திலிருந்து நாகோவா கடற்கரைக்கு ஆட்டோ 150 ரூபாய். “பின்னாடி யாரும் வர்றாங்களா?” என்று ஓட்டுநர் இரண்டு முறை கேட்டார். அங்கே பனைமரங்கள் கிளை விட்டிருந்தன. அப்படி ஒரு பனையை நான் பார்த்ததே இல்லை. அதைச் சொல்லவும் பக்கத்தில் ஆள் இல்லை.

மலை இருந்தால் சரிவில் ஓடிக் குதித்துப் பறக்கலாம். இங்கே மலை இல்லாததால் பாராசூட் துணியைக் கயிறுகளால் பிணைத்த மூன்று சக்கர வண்டியில் மோட்டார் கட்டி மணலிலிருந்தே மேலே ஏறுகிறார்கள். முன்னால் நாம், பின்னால் பைலட், அவருக்கும் பின்னால் விசிறி. பத்து நிமிடத்துக்கு 2,500 ரூபாய். பைலட் மராட்டியர், எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் ‘தாதா’ என்றார்கள். துப்பட்டாவைக் கழற்றச் சொன்னார். விசிறியில் சிக்கினால் இரண்டு பேருமே விழுவோமாம். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கழற்றி மடித்துப் பையில் வைத்தேன்.

என் முறைக்குக் காத்திருந்தபோது அம்மாவிடம் போனில் பேசினேன். அதைக் கேட்டு, செம்பூரிலிருந்து கணவரோடு வந்திருந்த ஒரு அம்மா பக்கத்தில் வந்தார்.

“தமிழா? தனியாவா வந்திருக்கே?”

“ம்.”

“தைரியம்தான். இவரைப் பார், ஆபீஸ் லிஃப்ட்லயே கண்ணை மூடிண்டு நிப்பார்.”

“நீ பக்கத்துல நின்னு பேசிண்டே வரே. அதான் மூடறேன்” என்றார் அவர் கணவர்.

மாலை ஐந்து மணிக்கு ஏறினோம். மணல் கீழே போனதும் காதில் மோட்டார் சத்தம் மட்டும்தான். “டீக் ஹை?” என்று தாதா பின்னாலிருந்து கத்தினார். நன்றாக இருக்கிறேன் என்று தலையை ஆட்டினேன். மறுபடி கேட்டார், மறுபடி ஆட்டினேன். பட்டறையில் இருபது மெஷின் ஓடும்போது யாரும் வாயால் பதில் சொல்வதில்லை, தலையை ஆட்டுவதோடு சரி. மூன்றாவது முறை கேட்டதும் வண்டி திரும்பியது. மூன்றே நிமிடத்தில் மணலில் இருந்தோம்.

“மூணு தடவை கேட்டேன். நீ மயங்கிட்டியா, பயந்துட்டியான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் இந்தியில்.

“தலை ஆட்டினேன், தாதா.”

“ஹெல்மெட் மோட்டார்லயே ஆடுது. அதுல உன் தலை எது?”

“பயந்துட்டியோ குழந்தே?” என்றார் செம்பூர் அம்மா. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன்.

தாதாவுக்கு என்ன தோன்றியதோ, காலை ஏழு மணிக்கு வா, பாதிக் காசு போதும் என்றார். “ஆனா பதில் வரலைன்னா உடனே இறக்கிடுவேன்.” எனக்கு மதியம் பஸ். விட்டால் இன்னொரு முறை வரப்போவதில்லை. இரவு அறையில் தலையணையில் முகத்தை வைத்து அந்த இரண்டு சொற்களையும் சொல்லிப் பார்த்தேன். அங்கேயும் மெதுவாகத்தான் வந்தது.

காலையில் கடற்கரை காலி. செம்பூர்க்காரர்களும் போய்விட்டார்கள். பனை உயரம் தாண்டியதும் தாதா கேட்டார். பதில் சொன்னேன், எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. மோட்டார் சத்தம் குறைந்தது, கரை பக்கம் சாயத் தொடங்கினோம். அப்போது எங்கிருந்தோ வந்தது என் குரல். “டீக் ஹை, தாதா. டீக் ஹை.” கட்டைக் குரல், ஆண்பிள்ளை மாதிரி. மோட்டார் மறுபடி உறுமியது.

கடல் கரையோரம் பழுப்பாகவும் தள்ளிப்போகப் பச்சையாகவும் இருந்தது. மீன் படகில் ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி வலையை இழுத்தார். பத்து நிமிடமும் பறந்தேன். தாதா கேட்டபோதெல்லாம் கத்தினேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலையில் போங்கள், பிறகு காற்று கூடிவிடும். கடலுக்கு மேல் போவதென்றால் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள். தண்ணீரில் விழுந்தால் கயிறுகள் சுற்றிக்கொள்ளும் என்று தாதாவே சொன்னார். மோட்டார் நின்றால் எங்கே இறக்குவீர்கள் என்று ஏறும் முன்பே கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிறவரோடு ஏறாதீர்கள். கூந்தலைக் கட்டிக்கொள்ளுங்கள். முக்கியமாக, பைலட் கேட்டால் வாயால் பதில் சொல்லுங்கள்.

மறுநாள் காலை போரிவலியில் இறங்கும்போது தொண்டை கட்டியிருந்தது. திரும்பும் வழி முழுக்க, நன்றாக இருக்கிறாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை.