என் வளவுக்குள்ளால் போகும் கான்

பாசிக்குடா ஹோட்டலில் விரிப்புகள் துவைக்கிற பகுதியில் எனக்கு வேலை. ஒரு பின்னேரம் வேலை முடிந்து வாழைச்சேனைக்கு வந்து சேர்ந்தால், வீட்டு வேலியைக் காணவில்லை. கிணற்றடியை ஒட்டிச் சிவப்பு மை பூசிய கட்டைகள் வரிசையாக அடித்திருந்தார்கள். என் முருங்கை மரம் வெட்டுப்பட்டு ஒழுங்கையில் கிடந்தது.

"ஆரு இதச் செஞ்ச?"

கணவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "பிரதேச சபையால வந்தாங்க. மழைத்தண்ணி ஆத்துக்குப் போறதுக்குக் கான் வெட்டப் போறாங்களாம். நம்மட வளவுக்குள்ளால வழி கேட்டாங்க. நான் ஒப்பம் வெச்சுக் குடுத்திட்டன்."

அந்த வளவு என்னுடையது. அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது. காணி உறுதிப் பத்திரத்தில் என் பெயர் மட்டும்தான். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. கல்யாணத்துக்குப் பிறகு அவர்தான் இங்கே வந்து குடியேறினார். இது அவருக்குத் தெரியாததல்ல.

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீ வேலைக்குப் போயிருந்தாய்தானே."

தொலைபேசி அவருடைய சட்டைப் பையிலேதான் இருந்தது.

கான் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. மாரியில் எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவார்கள். கேட்டிருந்தால் தந்திருப்பேன். கிணற்றை விட்டு வேலியோரமாக எடுங்கள் என்று இடத்தையும் காட்டியிருப்பேன்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு, உறுதியோடு சபைக்குப் போனேன். பொறுப்பாக இருந்தவர் இளம் வயது.

"அண்ணன் ஒப்பம் வெச்சிட்டார்தானே அக்கா. பிறகென்ன பிரச்சின?"

"காணிக்காரி நான், தம்பி."

"புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் ஒண்டுதானே," என்று சிரித்தார்.

"அப்ப உங்கட பொஞ்சாதிட வீட்டுக்கு நான் ஒப்பம் வெச்சுத் தரட்டா?"

சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன்.

அங்கிருந்து நேரே உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனேன். கணவர் வைத்த ஒப்பம் செல்லாது என்றார். "ஆனா சரியாப் பதிஞ்சா கான் போற உரிமை காணியோடயே போகும். நாளைக்கு உங்கட மகளுக்கு எழுதிக் குடுத்தாலும் கானை மூடேலாது." என் மகளின் வளவையும் சேர்த்தல்லவா என் வீட்டு மனிதர் ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் எழுதிக் கொடுக்கப் பார்த்திருக்கிறார்!

மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்த அன்று கட்டைகளுக்கு முன்னால் போய் நின்றேன். பின்வீட்டுக்காரி, "இனி மாரிக்கு எங்கட வீட்டுக்குள்ள தண்ணி வந்தா நீதான் பொறுப்பு," என்று கத்தினாள். அவளுடைய வீடும் அவளுடைய தாய் எழுதிக் கொடுத்ததுதான். கணவர் வெளியே வரவேயில்லை. வெயில் ஏறும்வரை நின்றேன். பெக்கோ திரும்பிப் போனது.

பிறகு அதே தம்பி நில அளவையாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கிணற்றை விட்டு வேலியோரமாக அளந்தார்கள். அகலம் எவ்வளவு, துப்புரவாக்க ஆள் வந்தால் எந்தப் பக்கத்தால் வருவது, இடிந்தால் கட்டித் தருவது யார், எல்லாவற்றையும் எழுதச் சொல்லி வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்பம் வைத்தேன். அந்த ஒப்பந்தம் காணிப் பதிவகத்தில் என் பெயரில் பதிவானது.

கான் கட்டி முடிந்தது. முதல் மழை விட்டதுமே ஒழுங்கை காய்ந்துவிட்டது. அந்தக் கிழமை சபை ஒரு கூட்டம் வைத்தது. தவிசாளர், "காணி தந்த பெருமனசுக்காரர்," என்று சொல்லி என் கணவருக்கு மாலை போட்டார். மேடையோரம் பெண்கள் பக்கத்தில் நின்ற நான், "காணி என்ட!" என்று கத்தினேன். ஒலிபெருக்கிச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. கணவருக்கு மட்டும் கேட்டது. திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு மாலைக்குக் கழுத்தைச் சரிசெய்துகொண்டார்.

மத்தியானம் அந்த மாலையோடே வீட்டுக்கு வந்து, அதைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுச் சோறு கேட்டார்.

"மாலை போட்டவங்களிட்டப் போய்க் கேளுங்க," என்றேன்.