நிறைந்த தொட்டிக்குக் கற்பூரம்

பாப்பாரப்பட்டி போகும் ரோட்டில் முதலாளியின் ஷெட் இருக்கிறது. அதில் நான் கெமிஸ்ட். அதாவது, அந்த வளாகத்தில் வேதியியல் படித்த ஒரே ஆள்.

நிலக்கரியைச் சுட்டுக் கோக் எடுக்கும் ஆலைகளில் கடைசியில் மிஞ்சும் தார்க்கட்டிகள் எங்களுக்கு லாரியில் வரும். அவற்றைப் பொடித்து, பெரிய இரும்புத் தொட்டியில் டொலுயீன் என்கிற கரைப்பானோடு சேர்த்துச் சூடாக்கிக் கலக்குவோம். கரைவது கரைந்துவிடும். கரையாமல் நிற்கும் கறுப்புப் பொடியை வடிகட்டி உலர்த்தி அனுப்பினால், கார்பன் கட்டை செய்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். முதலாளி இதை வருகிறவர்களிடம் ஒரே வரியில் முடித்துவிடுவார்: "மாங்கூழ் மாதிரிதாங்க. சாறு ஒரு பக்கம், கொட்ட ஒரு பக்கம்." முன்பு மாங்கூழ் ஃபேக்டரி நடத்தியவர். எதைக் காட்டினாலும் அவர் கண்ணுக்கு மாங்கொட்டைதான் தெரியும்.

மாம்பழம் தீப்பிடிக்காது, டொலுயீன் பிடிக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு படர்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும். ஷெட்டுக்குள் செல்போன்கூடக் கொண்டுபோக விடமாட்டேன். அப்படிப்பட்ட இடத்தில், ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலை முதலாளி உத்தரவு போட்டார்: தொட்டிக்குச் சந்தனம், குங்குமம், கற்பூரம்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். இவருக்குக் கற்பூரத்தைத் தவிர வேறு எந்த வாசனையும் தெரியாது.

"சந்தனம் வெச்சுக்கலாம், வாசல்ல பூசணிக்கா ஒடச்சுக்கலாம். கற்பூரம் மட்டும் உள்ள வேண்டாங்க சார்," என்றேன். "நாளன்னிக்கு வேலைக்காகத் தொட்டி நெறைய டொலுயீன் ஊத்தி வெச்சிருக்குங்க."

"கூழ் ஃபேக்டரியில ஒவ்வொரு மிஷினுக்கும் காட்டுனோம்மா. சாமிக்குக் காட்டுற நெருப்பு சுடுமா?"

"அப்ப தொட்டியக் காலி பண்ணிட்டுக் காட்டலாங்க."

அபசகுனத்தைக் கேட்டவர் போல முகத்தைச் சுளித்தார். "வெறுந்தொட்டிக்குப் பூச பண்ணா வருசம் பூரா வெறுந்தொட்டிதான். நெறஞ்சுதான் இருக்கணும். படிச்சவன் பாட்டக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க?"

பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை சிரித்தார். அவர் அங்கே வாங்கும் சம்பளத்தில் பாதி இந்தச் சிரிப்புக்குத்தான்.

தட்டைப் பிடிக்கப் போவது யார் என்று கேட்டேன். ஆப்பரேட்டராம். வத்தல்மலைக்காரர். நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு பெண் பிள்ளைகள் அவருக்கு. தொட்டியின் வாய்க்கு நேராக அவர் தட்டை ஏந்தி நிற்க வேண்டுமாம். வேலையை முதலாளி முகத்தில் விட்டெறிந்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் நான் பஸ் ஏறிப் போன பிறகும் அண்ணன் அந்தத் தட்டோடு உள்ளே போகத்தான் போகிறார்.

மதியம் அண்ணனிடமே ஆபத்தைச் சொன்னேன்.

"நான் மாட்டேன்னா வேற ஒருத்தனப் புடிக்கச் சொல்வாருங்க மேடம். அவனும் ஒருத்தி பெத்த புள்ளதான?"

முதலாளியும் கணக்குப்பிள்ளையும் காரில் தருமபுரிக்குக் கிளம்பியதும் நானும் அண்ணனும் வேலையை ஆரம்பித்தோம். டொலுயீன் முழுவதையும் வெளியே கடைக்கோடியில் இருக்கும் டேங்குக்கு ஏற்றினோம். வாசனை அடியோடு போகும்வரை தொட்டிக்குள் நீராவி விட்டோம். தரையைக் கழுவி, கதவுகளைத் திறந்துபோட்டு, கடைசியில் தொட்டியில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பினோம். நிறைந்திருக்க வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டார்!

மறுநாள் வெள்ளை வேட்டியில் வந்தார் முதலாளி. கணக்குப்பிள்ளை உள்ளே ஓடி, மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்துவிட்டு, "ஃபுல்லுங்க சார்" என்றார். பொரி வந்தது, பூசணிக்காய் உடைந்தது. கற்பூரம் ஏற்றியதும் முதலாளிக்குத் திடீரென்று ஒரு போன் வந்துவிட்டது. பேசிக்கொண்டே கேட்டுக்கு வெளியே, கார் பக்கம் போய் நின்றுகொண்டார். அண்ணன் உள்ளே போனார், மூன்று சுற்றுக் காட்டினார், தட்டோடு வெளியே வந்தார்.

போன் உடனே முடிந்துவிட்டது. "பாத்தியாம்மா? ஏதாச்சும் ஆச்சா?" கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றே சத்தமாகச் சிரித்தார். கணக்குப்பிள்ளையும் சிரித்தார். "சாமி இருக்கற எடத்துல என்ன பயம்? படிச்சவங்களுக்குத்தான் எல்லாத்துக்கும் பயம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் கேட் வரைக்கும் நடந்துபோய் அவரிடம் தட்டை நீட்டினார். கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"மொதலாளி கையால ஒருக்கா காட்டுனாத்தானுங்க நெறவு. வாங்க சார்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். முதலாளி தட்டைத் தொடவில்லை. ஓரடி பின்னால் வைத்தார்.

"எனக்கு முட்டி வலிப்பா."

"நான் புடிச்சுக்கறேன், வாங்க சார்."

இன்னும் ஓரடி. முதுகு காரில் இடித்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, அண்ணனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். பின்னாலேயே போயிருந்த எனக்கும் கேட்டது.

"வெளையாடாதப்பா. உள்ள டொலுயீன் இருக்குதில்ல?"

அண்ணன் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாக, "உள்ள தண்ணிதாங்க சார் இருக்குது. மேடம் நேத்தே மாத்திட்டாங்க," என்றார்.

அதைக் கேட்ட பிறகும் முதலாளி கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை.