மூக்குத்திக் கல்லுக்குள் இரும்பு

எங்கள் கரையில் பெண் எடுக்கிற வீட்டார், பெண்ணின் தகப்பன் மூக்குத்திக்கு வாங்கிய வைரத்தைத் தட்டானிடம் கொடுக்குமுன் சில நாள் தங்கள் சாமியறையில் வைத்துப் பார்ப்பார்கள். அந்த நாட்களில் யாருக்கும் காய்ச்சல் வராமல், கெட்ட கனவு காணாமல், கடலுக்குப் போனவர் சுகமாய்த் திரும்பினால் அது நல்ல கல். அப்பா எனக்கு வாங்கிய கல்லும் அப்படித்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. அது அறுபதுகளின் கடைசி. நான் நெல்லியடிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

கல் திரும்பி வந்துவிட்டது. யாருக்கும் காய்ச்சலில்லை. ஆனால் எனக்கு மாமியாராக வரவிருந்தவர் தட்டானின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்து, கல்லுக்குள் ஒரு கரும்புள்ளியைக் கண்டுபிடித்துவிட்டார். புள்ளி விழுந்த வைரம் புருஷனுக்கு ஆகாதாம்.

அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் வந்தது சந்தோஷம்தான். பல்கலைக்கழகத்தில் படித்த காலம் முழுவதும் நான் ஆசைப்பட்டது அப்படியொரு கல்லுக்கு. வைரம் பூமியின் அடியாழத்தில் வளரும்போது பக்கத்தில் கிடக்கும் தாதுவையும் சேர்த்து விழுங்கிவிடும். மனிதர் போய்ப் பார்க்க முடியாத அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதை அந்தத் துணுக்குதான் சொல்லும். சுத்தமான வைரத்தைக் காந்தம் இழுக்காது. உள்ளே இரும்புத் தாது சிக்கியிருந்தால் இழுபடும். இதை ஆராய வெளிநாடு போகிறேன் என்று கேட்டபோது, "பெட்டை தனியக் கப்பலேறுறதோ?" என்று அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். இப்போது கல்லே வீடு தேடி வந்திருந்தது.

மாப்பிள்ளை வெளிநாட்டுக் கப்பல் ஒன்றில் அதிகாரி. பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் பலகாரத்தில் கவனமாயிருக்க, அவர் மட்டும் நான் என்ன படித்தேன் என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் பதிலையும் கவனித்தார். அதிலேயே எனக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. ஒரு புள்ளிக்காக அவரை விட எனக்கு மனமில்லை. அது தோஷமல்ல, வெறும் தாது என்று கண்ணுக்கு முன்னால் காட்டிவிட்டால் சரி என்று நினைத்தேன். படித்த மூளைக்கு வேறெப்படி யோசிக்க வரும்?

ஒரு சனிக்கிழமை அவரையும் தாய் தகப்பனையும் பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்கு வரவழைத்தேன். அம்மாவின் கூறைச்சேலையில் உருவிய பட்டிழையில் கல்லைத் தேன்மெழுகால் ஒட்டி, காற்றுப் படாமல் கண்ணாடிச் சாடிக்குள் தொங்கவிட்டேன். ஆட்டம் நின்றதும் பெரிய லாடக் காந்தத்தைச் சாடியருகே கொண்டுபோனேன். கல் மெல்லத் திரும்பியது. பிறகு காந்தத்தின் பக்கம் சாய்ந்தது.

"பாருங்கோ மாமி, இரும்புதான்! தோசமெண்டு ஒண்டுமில்லை!" என்று கத்தியே விட்டேன்.

மாமி நெஞ்சில் கைவைத்தார். மாமா பாய்க்கப்பல் ஓட்டிய தண்டையல், பர்மா வரை போய்வந்தவர். அவர் சாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பிள்ளை, நாங்கள் திசை பார்க்கிற கொம்பாசுக்குக் கிட்ட ஒரு பேனாக்கத்தியும் வைக்கிறேல்லை. துண்டு இரும்பு போதும், கப்பல் பாறையிலை ஏறும். வெறும் புள்ளியெண்டால் ஒரு சாந்தி செய்துபோட்டு விட்டிருப்பன். இது ஊசியைத் திருப்பிற சாமான். கடலிலை நிக்கிறவன்ரை வீட்டுக்கு உது வேண்டாம்."

"வேறை கல்லு வாங்குவம் மாமா. மூக்குத்தியே இல்லாட்டிலும் பறவாயில்லை."

"கல்லை மாத்தலாம்," என்றார் மாமி. "உது தேடி வந்தது உன்னையெல்லோ."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். முழுக்க இரும்பாலான கப்பலில், அந்த இரும்புக்கெல்லாம் ஈடுகட்டித் திசைகாட்டியைச் சரிபார்ப்பது அவருடைய தொழில். எள்ளிலும் சிறிய துணுக்கு எந்தக் கப்பலையும் திருப்பாது என்று அந்த அறையில் என்னைத் தவிர அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்து நின்றேன். அவர் தகப்பனின் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்ப வாறம், ரீச்சர்" என்றார்.

அந்தக் கல்லையாவது எனக்குத் தரச்சொல்லி அப்பாவிடம் கெஞ்சினேன். "உந்தச் சனியனை வைச்சு இன்னும் என்ன செய்யப்போறாய்?" என்று கேட்டுவிட்டு, வாங்கிய கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். உள்ளே இருந்தது என்ன தாது என்று நான் அறியவேயில்லை. கதை கரை முழுக்கப் பரவியது. பிறகு ஒரு சம்பந்தமும் வரவில்லை. காலையில் எழும்புவதற்கே காரணம் தேடிய வருஷங்கள் உண்டு. கிடைத்த காரணமெல்லாம் முதல் பாடத்துக்கு மணியடிக்கும் என்பதுதான்.

தலை நரைக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள், காந்தவியல் பாடத்தில் ஒரு மாணவி எழுந்து, "வைரத்தைக் காந்தம் இழுக்குமோ, ரீச்சர்?" என்று கேட்டாள்.

"இழுக்காது," என்றேன். "எழுதுங்கோ."